ஒருவர் கோப்பு அனுப்பினால் இன்னொருவர் பேச்சு அறுகிறதா? இணைப்பைப் பங்கிடுவதில் வரும் பழுதுகளும் தீர்வுகளும்

'நெட் மெதுவாக இருக்கிறது' என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது அந்த நேரத்தில் அதே இணைப்பில் வேறு யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதைத்தான். குரல் அழைப்பு, வீடியோ கூட்டம், பெரிய டவுன்லோடு, பின்னணியில் ஓடும் பேக்கப் எல்லாம் ஒரே இணைப்பில் போகும்போது வரும் பழுதுகளில் பாதிக்கு மேல், கூடுதல் வேகம் வாங்கினாலும் தீராது. தரவின் சிறு துண்டுகளான பாக்கெட்டுகள் எந்தக் கருவியில் வரிசை கட்டி நிற்கின்றன, அந்த வரிசை நம் கையில் இருக்கிறதா என்று பார்த்தால்தான் தீரும்.

கீழே அறிகுறிகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேரே போகலாம். ஆனால் முதல் அளவீட்டை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

தொடங்கும் முன் மூன்று எண்கள்

ரவுட்டரோடு கேபிளில் இணைத்த ஒரு கணினியில் உட்காருங்கள். இப்போதைக்கு வைஃபை வேண்டாம். அதன் சொந்தக் கோளாறுகள் கணக்கைக் குழப்பிவிடும். வெளியில் உள்ள, எப்போதும் பதில் தருகிற ஒரு முகவரிக்குப் பிங், அதாவது ஒரு சிறு பாக்கெட் போய்வர ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை, ஓட விடுங்கள். யாரும் எதுவும் செய்யாதபோது ஒரு நிமிடம், பெரிய டவுன்லோடு ஓடும்போது ஒரு நிமிடம், பெரிய அப்லோடு ஓடும்போது ஒரு நிமிடம். ஒவ்வொன்றிலும் சராசரியையும் உச்சத்தையும் எழுதி வையுங்கள்.

சும்மா இருக்கும்போது 20 மில்லிநொடி, அப்லோடின்போது 600 மில்லிநொடி என்று வந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, அப்படியும் பேச்சு அறுந்தால் வைஃபை பகுதிக்குப் போங்கள். சும்மா இருக்கும்போதே எண் தாறுமாறாக ஏறி இறங்கினால் கடைசிப் பகுதி. எது நல்ல எண் என்ற சந்தேகம் வந்தால், ஐடியூ என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரையை வைத்துக்கொள்ளுங்கள்: வாயிலிருந்து காது வரை ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாகப் போகும். பிங் காட்டுவது போய்வரும் நேரம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவர் கோப்பு அனுப்பத் தொடங்கியதும் எல்லோருடைய பேச்சும் அறுகிறது

நான் அதிகம் பார்த்த அறிகுறி இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் ரவுட்டருக்குள் பாக்கெட்டுகள் வேகமாக வருகின்றன, ஏனென்றால் உள்ளே 1000 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) கேபிள். வெளியே போகும் வழி 5 எம்பிபிஎஸ் என்று வையுங்கள். மிஞ்சுவதெல்லாம் பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் வரிசை கட்டும். அந்த வரிசை பெரும்பாலும் ரவுட்டரில் உருவாவதில்லை. அதற்கு அடுத்து நிற்கும் மோடத்தில் உருவாகிறது. மோடத்தில் 1 மெகாபைட் பஃபர் இருந்தால் அது 8 மெகாபிட். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் அது காலியாக 1.6 நொடி ஆகும். அப்லோடு ஓடும் வரை அந்தப் பஃபர் நிறைந்தே இருக்கும், ஏனென்றால் பாக்கெட் தொலையும் வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது, தரவை அனுப்பும் நெறிமுறையான டிசிபியின் இயல்பு. வரிசையின் கடைசியில் வந்து நிற்கும் குரல் பாக்கெட் 1.6 நொடி காத்திருக்கும். அதற்குள் எதிர்முனையில் இருப்பவர் இரண்டு முறை 'ஹலோ' சொல்லியிருப்பார்.

இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். 2010 வாக்கில் கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இந்தப் பெயரைச் சொல்லிப் பலரையும் கவனிக்க வைத்தார். நினைவகம் மலிவாகிப் பஃபர்கள் பெரிதாகிக்கொண்டே போனதில் விளைந்த பழுது இது. பாக்கெட் தொலையவே கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் தொலையாமல் தாமதமாக வரும் குரல் பாக்கெட்டால் யாருக்கும் பயனில்லை. பேசும் செயலி அதைத் தூக்கி எறிந்துவிடும்.

தீர்வுக்கு இரண்டு படிகள். முதலில், வரிசையை மோடத்திலிருந்து உங்கள் ரவுட்டருக்குக் கொண்டுவர வேண்டும். ரவுட்டரின் வேகக் கட்டுப்பாட்டில், சில கருவிகளில் எஸ்க்யூஎம் என்றும் சிலவற்றில் ஷேப்பர் என்றும் இருக்கும், அப்லோடு வரம்பை உண்மையான அப்லோடு வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். 5 எம்பிபிஎஸ் என்றால் 4.5. மோடத்துக்கு அது தாங்கும் அளவை விடக் குறைவாகவே போவதால் அங்கே வரிசை நிற்காது. கையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது பலருக்கு மனசு வராது. ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்துத்தான் வரிசையை வாங்குகிறீர்கள். வரிசை கைக்கு வராமல் எந்த முன்னுரிமையும் வேலை செய்யாது.

இரண்டாவது படி, கைக்கு வந்த வரிசையை ஒழுங்காக நடத்துவது. எஃப்க்யூ-கோடல் அல்லது கேக் என்ற வரிசை மேலாண்மைத் தேர்வு இருந்தால் அதை எடுங்கள். கோடல் முறையை கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012-இல் வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒரு பாக்கெட் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்பதை அது பார்க்கும். 100 மில்லிநொடிக்கு மேலாக அந்தக் காத்திருப்பு 5 மில்லிநொடிக்குக் கீழே இறங்கவே இல்லை என்றால், பாக்கெட்டுகளைக் கைவிடத் தொடங்கி, அனுப்புகிறவரை வேகம் குறைக்கச் சொல்லும். அதன் பெயரில் முன்னால் இருக்கும் எஃப்க்யூ பகுதி ஒவ்வோர் ஓட்டத்துக்கும், அதாவது ஒவ்வொரு தொடர்புக்கும், தனித்தனி வரிசை கொடுக்கிறது. அதனால் இருபது மில்லிநொடிக்கு ஒருமுறை வரும் சின்னக் குரல் பாக்கெட், பெரிய அப்லோடின் பின்னால் நிற்க வேண்டியதில்லை. குரல் எது, கோப்பு எது என்று நீங்கள் ஒரு விதிகூட எழுதாமலேயே இவ்வளவும் நடந்துவிடும். அதனால்தான் விதி எழுதும் வேலையை எப்போதும் கடைசிக்குத் தள்ளுகிறேன்.

டவுன்லோடு பக்கத்துக்கும் இதே முறைதான், ஆனால் வரிசை எதிர்முனையில், சேவை வழங்குநரின் கருவியில் நிற்கிறது. அதை நேராகத் தொட முடியாது. நம் பக்கத்தில் வரம்பைக் கீழே வைத்துப் பாக்கெட்டுகளைக் கைவிட்டால், அனுப்புகிற சர்வர் அதை உணர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுற்றி வளைத்த வழி என்பதால் இங்கே கொஞ்சம் அதிக இடைவெளி வேண்டும். 85 சதவீதத்தில் தொடங்குங்கள். பிறகு மூன்று எண்களை மறுபடி எடுங்கள். 600 இருந்த இடத்தில் 30, 40 வந்தால் வரம்பை மெல்ல மெல்ல உயர்த்தி, எண் ஏறத் தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடலாம்.

வரம்பு வைத்தும் எந்த மாற்றமும் இல்லை

முதல் சந்தேகம் எப்போதும் ஹார்டுவேர் ஆஃப்லோடு மேல்தான் வர வேண்டும். பல ரவுட்டர்களில், ஒரு தொடர்பின் தொடக்கப் பாக்கெட்டுகள் மட்டும் மென்பொருள் வழியாகப் போகும். மீதி ஒரு குறுக்குவழியில், வரிசை முறையைத் தொடாமலேயே பாய்ந்துவிடும். திரையில் வரம்பு இயங்குவதாகவே காட்டும். இதைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு முழு நாள் ஆனது. எளிய சோதனை: வரம்பை வேண்டுமென்றே 1 எம்பிபிஎஸ் என்று வைத்துவிட்டு வேகச் சோதனை ஓட்டுங்கள். அப்போதும் 40 எம்பிபிஎஸ் வந்தால் பாக்கெட்டுகள் உங்கள் வரிசை வழியாகப் போகவே இல்லை. ஆஃப்லோடை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

அதே சோதனையில் வேகம் 8 எம்பிபிஎஸ் என்று வந்தால், கிலோபிட்டும் கிலோபைட்டும் மாறிவிட்டன. டவுன்லோடு குறைய வேண்டிய இடத்தில் அப்லோடு குறைந்தால் இடைமுகத்தின் திசையை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள்: வெளிப்பக்க இடைமுகத்திலிருந்து வெளியேறுவது உங்கள் அப்லோடு, உள்பக்க இடைமுகத்திலிருந்து வெளியேறுவது டவுன்லோடு.

லினக்ஸில் எச்டிபி என்ற பங்கீட்டு முறையில், டிராஃபிக்கைப் பிரிக்கும் வகுப்புகளைக் கையால் எழுதியவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. எந்த வகுப்பிலும் சேராத பாக்கெட்டுக்கான இயல்பு வகுப்பைக் குறிப்பிடாமல் விட்டால், அந்தப் பாக்கெட்டுகள் எந்த வரம்பும் இல்லாமல் கருவியின் முழு வேகத்தில் போகும். வகைப்படுத்திய டிராஃபிக் எல்லாம் ஒழுங்காக நிற்க, வகைப்படுத்தாதது மட்டும் மோடத்தின் பஃபரை நிரப்பிவிடும். வகுப்புகளின் எண்ணிக்கைக் கணக்கைத் திறந்து, டவுன்லோடு ஓடும்போது எந்த வகுப்பின் எண் ஏறுகிறது என்று பாருங்கள். எதிர்பார்த்த இடத்தில் ஏறவில்லை என்றால் விதி பொருந்தவில்லை.

பழைய ரவுட்டரில் 200 எம்பிபிஎஸ் இணைப்புக்கு வரம்பு வைத்து, கிடைப்பது 70 மட்டும் என்றால் ரவுட்டரின் சிபியூ திணறுகிறது. அதற்கு வலுவான ரவுட்டர்தான் வழி. அதுவரை அப்லோடுக்கு மட்டும் வரம்பு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வலி அங்கேதான் இருக்கும்.

அப்லோடு ஓடும்போது டவுன்லோடு வேகமும் விழுந்துவிடுகிறது

திசைகள் வேறு, எப்படி ஒன்று மற்றொன்றைப் பாதிக்கும் என்று கேட்பார்கள். டவுன்லோடு ஆகும் தரவுக்கு 'வந்து சேர்ந்தது' என்ற ஒப்புகை அப்லோடு வழியாகத்தான் போகிறது. 50 எம்பிபிஎஸ் டவுன்லோடு என்றால் நொடிக்கு 4,000-க்கு மேல் பெரிய பாக்கெட்டுகள். இரண்டுக்கு ஓர் ஒப்புகை என்ற வழக்கப்படி நொடிக்கு 2,000 ஒப்புகைகள். அவற்றுக்கு மட்டுமே ஏறக்குறைய 1 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். அப்லோடு 2 எம்பிபிஎஸ் மட்டுமே இருக்கும் இணைப்பில் அது பாதி. அங்கே வரிசை நிறைந்தால் ஒப்புகைகள் தாமதமாகும், சர்வர் காத்திருக்கும், டவுன்லோடு விழும். மேலே சொன்ன அப்லோடு வரம்பே இதையும் சரிசெய்துவிடும். ஏற்றத்தாழ்வு மிக அதிகமான இணைப்பில், கேக் முறையில் உள்ள ஒப்புகை வடிகட்டியையும் போட்டுப் பாருங்கள்.

குரலுக்கு முன்னுரிமை கொடுத்தும் குரல் அறுகிறது

இங்கே பொறுமை வேண்டும், ஏனென்றால் காரணங்கள் பல.

மேலே சொன்ன வரம்பு இல்லாமல் முன்னுரிமை மட்டும் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் உங்கள் ரவுட்டரில் வரிசையே இல்லை. வரிசை இல்லாத இடத்தில் யாரை முன்னே விட்டு என்ன பயன்? குரல் பாக்கெட் ரவுட்டரிலிருந்து முதலில் கிளம்பி, மோடத்தில் போய்க் கடைசியில் நிற்கும்.

வரம்பு சரியாக இருந்தால் குறியைப் பாருங்கள். ஒவ்வோர் ஐபி பாக்கெட்டின் தலைப்பிலும் டிஎஸ்சிபி என்ற ஆறு பிட் இடம் இருக்கிறது. குரலுக்கு வழக்கமான எண் 46. செயலி அந்தக் குறியைப் போடுகிறதா, வழியில் உள்ள சுவிட்ச் அதை அழித்து 0 ஆக்குகிறதா என்று பாக்கெட்டைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும், ஊகம் உதவாது. அனுப்பும் கணினியில் ஒருமுறை, ரவுட்டரின் வெளிப்பக்கத்தில் ஒருமுறை பிடியுங்கள். உள்ளே 46, வெளியே 0 என்றால் இடையில் இருப்பதைச் சரிசெய்யுங்கள். பொது இணையத்துக்குப் போன பிறகு அந்தக் குறியை யாரும் மதிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே காரணத்தால் வெளியிலிருந்து வரும் குரலிலும் குறி இருக்காது. உள்ளே நுழையும்போது நீங்களே குறி போட வேண்டும்.

போர்ட் எண்ணை வைத்துப் பிரித்திருந்தால் அதையும் மறுபரிசீலனை செய்யுங்கள். ஒப்புகைக்குக் காத்திராத யூடிபி நெறிமுறை என்றாலே பேச்சு என்று நினைத்து எழுதிய விதிகள் ஒரு காலத்தில் ஓரளவு வேலை செய்தன. 2021-இல், யூடிபி மேல் ஓடும் குவிக் நெறிமுறை ஆர்எஃப்சி 9000 என்ற இணையத் தர ஆவணமாக நிலைபெற்றது. இப்போது வலைப்பக்கங்களும் வீடியோக்களும் பெரிய டவுன்லோடுகளும் யூடிபி 443 வழியாகவே பாய்கின்றன. 'யூடிபிக்கு முதலிடம்' என்ற பழைய விதி இன்று எல்லோரையும் முதலிடத்தில் உட்கார வைத்துவிடும். தரவை மறையாக்கிச் சுரங்கம்போல் அனுப்பும் விபிஎன் போட்டிருந்தால் நிலைமை இன்னும் கடினம்: குரலும் கோப்பும் ஒரே மறையாக்கப்பட்ட ஓட்டமாகத் தெரியும். சுரங்கத்துக்குள் நுழையும் முன்பே வரிசைப்படுத்துங்கள், அல்லது உள்குறியை வெளித்தலைப்புக்கு நகலெடுக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள்.

முன்னுரிமை வரிசையில் எவ்வளவு போகிறது என்று கூட்டிப் பார்த்தீர்களா? ஜி.711 என்ற குறியீட்டு முறையில் குரல் 64 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்) என்பார்கள். அது வெறும் ஒலி. 20 மில்லிநொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஒலி 160 பைட், தலைப்புகள் 40 பைட், நொடிக்கு 50 பாக்கெட். ஆக ஒரு திசையில் 80 கேபிபிஎஸ். ஈதர்நெட் தலைப்பும் சேர்ந்தால் 87-ஐத் தொடும். பத்து அழைப்புக்கு 640 என்று ஒதுக்கியிருந்தால், எட்டாவது அழைப்பு வரை எல்லாம் நன்றாக இருந்து, ஒன்பதாவது வந்ததும் ஒன்பது பேருக்குமே குரல் உடையும். 'ஆள் கூடினால் உடைகிறது' என்ற புகார் வந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பேன்.

முன்னுரிமை வேலை செய்கிறது, ஆனால் மற்றவை எல்லாம் நின்றுவிடுகின்றன

கண்டிப்பான முன்னுரிமை என்பது மேல் வரிசை காலியாகும் வரை கீழ் வரிசையைத் திரும்பிப் பார்க்காது. அதில் குரலை மட்டும் வைத்தால் ஆபத்தில்லை. வீடியோ கூட்டத்தையும் சேர்த்து, 'முக்கியமானவர்' கணினியையும் சேர்த்து, அவர் பேக்கப் எடுக்கத் தொடங்கினால் மற்ற எல்லோரும் பட்டினி. முன்னுரிமை வரிசைக்கு உச்ச வரம்பு கட்டாயம் வேண்டும். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள். வீடியோவுக்கு முன்னுரிமை தராமல் உறுதியான பங்கு ஒன்றைக் கொடுங்கள்.

எச்டிபி வகுப்புகளில் உறுதி வேகம், உச்ச வேகம் என்று இரண்டு எண்கள் இருக்கும். உறுதி வேகங்களின் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டக் கூடாது. உச்ச வேகம் எல்லா வகுப்புக்கும் மொத்தத்துக்குச் சமமாகவே இருக்கலாம், அப்போதுதான் ஒருவர் பயன்படுத்தாததை இன்னொருவர் கடனாக எடுத்துக்கொள்ள முடியும். உச்ச வேகத்தை உறுதி வேகத்துக்குச் சமமாக வைத்துவிட்டால், நள்ளிரவில் யாருமே இல்லாத நேரத்திலும் பேக்கப் தன் சின்னப் பங்கிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும்.

சமமாகப் பங்கிட்டும் ஒருவரே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறார்

யாருக்கு இடையே சமம் என்று கேளுங்கள். எஃப்க்யூ-கோடல் ஓட்டங்களுக்கு இடையே சமம் பார்க்கிறது. ஒருவர் டவுன்லோடு மேலாளரில் 30 இணைப்புகள் திறந்து, இன்னொருவர் ஒரே இணைப்பில் இறக்கினால், 31 பங்கில் 30 அவருக்குத்தான். 1985-இல் ஜான் நேகிள் ஆர்எஃப்சி 970-இல் ஒவ்வோர் அனுப்புநருக்கும் தனி வரிசை வைத்து, மாற்றி மாற்றி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாக்கெட் எடுக்கச் சொன்னார். அந்தச் சிந்தனையே இங்கே உதவுகிறது: கேக் முறையில் கருவிவாரியான பங்கீட்டைத் தேர்ந்தெடுத்தால் முதலில் ஆட்களுக்கு இடையே, பிறகு அவரவர் ஓட்டங்களுக்கு இடையே பிரிக்கும். முகவரி மாற்றம் நடக்கும் ரவுட்டரில் அதற்கான நாட் தேர்வையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் வெளிப்பக்கத்தில் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிவார்கள், பங்கீடு நடக்காது.

கேபிளில் நன்றாக இருக்கிறது, வைஃபையில் மட்டும் அறுகிறது

வைஃபையில் பங்கிடப்படுவது நேரம். 1500 பைட் பாக்கெட்டை அனுப்ப 300 எம்பிபிஎஸ் வேகத்தில் 0.04 மில்லிநொடி போதும். தூரத்து அறையில் 6 எம்பிபிஎஸ்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கும் கருவிக்கு 2 மில்லிநொடி, அதாவது 50 மடங்கு. ஆளுக்கு ஒரு பாக்கெட் என்று பங்கிட்டால் அந்த ஒரு கருவி காற்றின் நேரத்தை எல்லாம் தின்றுவிடும். ஏர்டைம் ஃபேர்னஸ் என்ற தேர்வு இருந்தால் போடுங்கள், தூரத்துக் கருவியைப் பக்கத்தில் கொண்டுவாருங்கள், அல்லது அதற்குக் கேபிள் இழுத்துவிடுங்கள்.

நுட்பமான ஒன்றும் உண்டு. வைஃபையில் குரல், வீடியோ, பொது, பின்னணி என நான்கு வகைகள். பல கருவிகள் டிஎஸ்சிபியின் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்த்து வகையை முடிவுசெய்கின்றன. 46-இன் முதல் மூன்று பிட் 5. வைஃபையில் 5 என்பது வீடியோ வகை. எனவே குரல் என்று நீங்கள் குறித்தது வீடியோவோடு போய் நிற்கும். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325, 46-ஐக் குரல் வகைக்கே கொண்டுபோகச் சொல்கிறது. உங்கள் அணுகுமுனையில் அந்த மாற்றத்தைச் செய்ய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு நேர்மாறான கோளாறும் வரும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளில் வழியில் யாராவது 8 என்ற குறியைப் போட்டுவிட்டால் வைஃபை அவற்றைப் பின்னணி வகையில் தள்ளும். கேபிளில் பாய்வது வைஃபையில் தவழும். உள்ளே நுழையும் எல்லாக் குறிகளையும் 0 ஆக்கிவிட்டு, வேண்டியதற்கு மட்டும் நீங்களே குறி போடுவது பாதுகாப்பானது.

வரம்பு வைத்ததிலிருந்து வேகம் வரம்பையே தொடுவதில்லை

20 எம்பிபிஎஸ் வரம்பு, கிடைப்பது 11, அதுவும் மேலும் கீழுமாக. கருவி வரிசையில் நிறுத்தாமல், வரம்பைத் தாண்டியதை அங்கேயே கைவிடுகிறது. அது போலீசர். மிகச் சின்ன பர்ஸ்ட் அளவோடு, அதாவது ஒரே மூச்சில் விடும் தரவின் அளவோடு, போலீசர் இருந்தால் டிசிபி ஒவ்வொரு முறையும் அடி வாங்கிப் பின்வாங்கும். முடிந்தால் ஷேப்பருக்கு மாறுங்கள். முடியாவிட்டால் பர்ஸ்ட் அளவை ஒரு சுற்றுப்பயண நேரத்துக்கான தரவாவது கொள்ளும்படி வையுங்கள்: 20 எம்பிபிஎஸ், 100 மில்லிநொடி என்றால் 250 கிலோபைட்.

காலையில் சரியாக இருக்கிறது, மாலையில் எல்லாம் கெடுகிறது

யாரும் எதுவும் செய்யாதபோதே பிங் ஏறி இறங்கினால், நெரிசல் உங்கள் இணைப்புக்கு அப்பால் இருக்கிறது, அல்லது இணைப்பின் வேகமே நேரத்துக்கு நேரம் மாறுகிறது. மொபைல் இணைப்புகளில் இது சாதாரணம். காலையில் 40 எம்பிபிஎஸ்ஸை அளந்து 36 என்று வரம்பு வைத்தீர்கள். மாலையில் இணைப்பு 15 ஆகிவிட்டால் வரிசை மறுபடி அந்தப் பக்கம் போய்விடும். ஒரு வாரம் நாளுக்கு நான்கு முறை அளந்து, மோசமான நேரத்து வேகத்துக்கு ஏற்ப வரம்பை வைப்பது ஒரு வழி. தாமதத்தை அளந்துகொண்டே வரம்பைத் தானாக ஏற்றி இறக்கும் நிரல்களும் உண்டு. ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் அவற்றை முயன்று பார்க்கலாம்.

அப்படியும் மாலையில் பிங் இறங்கவில்லை என்றால் அமைப்புகளை மேலும் மாற்றாதீர்கள். ரவுட்டருக்கு அடுத்த முதல் முகவரிக்கும், அதற்கு அடுத்ததற்கும் தனித்தனியாகப் பிங் ஓட்டி, நேரத்தோடு பதிவு செய்யுங்கள். உங்கள் பக்கம் எதுவும் ஓடாத நேரத்து எண்களும் அதில் இருக்கட்டும். அந்தப் பதிவோடு சேவை வழங்குநரிடம் பேசினால், 'ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்' என்ற பதிலைத் தாண்டிப் பேச்சு நகரும்.